தம்பியின் குருதியிலிருந்து வளர்க்கப்படும் இதயக் கலங்கள் அவருடைய நோயைப் பற்றி என்ன சொல்லும்?

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்த கேள்வியை முதலில் சுருக்கமாகத் தருகிறேன். கேட்டவரின் பத்தொன்பது வயதுத் தம்பி கரப்பந்தாட்டத்தின் நடுவில் மயங்கி விழுந்திருக்கிறார். எக்கோ பரிசோதனையில் இடது இதயவறையின் சுவர் தடித்திருப்பது தெரியவந்திருக்கிறது. இது பரம்பரையாக வரும் இதயத்தசை நோயாக இருக்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மகன், அங்கே நோயாளியின் குருதியிலிருந்து துடிக்கும் இதயக் கலங்களை வளர்க்கிறார்கள் என்றும், தம்பியின் குருதியை அனுப்பி வைக்கலாமா என்று விசாரிப்பதாகவும் தொலைபேசியில் சொன்னாராம். இது உண்மையா, இதனால் நோயைப் பற்றி என்ன தெரியவரும், இதைக் கொண்டு தம்பியைக் குணப்படுத்த முடியுமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார்.

முதற் கேள்விக்கு ஆம் என்பதே பதில். மூன்றாவதற்கு, இன்றைய நிலையில் இல்லை என்பதே பதில். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் ஸ்டெம் செல், அதாவது குருத்துக் கலச் சிகிச்சை என்ற பெயரில் எந்த நோய்க்கும் ஊசி போடுவதாக விளம்பரம் செய்யும் தனியார் நிலையங்கள் பல நாடுகளில் இருக்கின்றன, அவற்றை நம்பி யாரும் வயற்காணியை ஈடு வைத்துவிடக் கூடாது. பரம்பரையாகத் தடித்த இதயச் சுவரைச் சரிசெய்வதற்கென்று முறையாகப் பரிசோதித்து ஏற்றுக்கொள்ளப்பட்ட குருத்துக் கலச் சிகிச்சை எதுவும் இன்று இல்லை. விரிவாகப் பேச வேண்டியது இரண்டாவது கேள்வியைத்தான். இந்தக் கலங்கள் நோயைப் பற்றிச் சாட்சி சொல்ல வளர்க்கப்படுபவை, மருந்தாகக் கொடுக்க அல்ல; அந்தச் சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் அவை எப்படி வளர்க்கப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும்.

இதயத்தசை ஆராய்ச்சிக்கு இலகுவில் கிடைக்கும் இழையம் அல்ல. குருதியை ஊசியால் எடுக்கலாம், தோலில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுக்கலாம். உயிரோடு இருக்கும் ஒருவரின் இதயத்திலிருந்து ஆராய்ச்சிக்காகத் தசையை எடுப்பது அப்படிச் செய்யக்கூடிய காரியம் இல்லை. சத்திரசிகிச்சையின்போது கிடைக்கும் துண்டுகளிலிருந்து கலங்களைப் பிரித்தெடுத்தாலும் அவை சில நாட்களுக்குள் தம் வடிவத்தையும் இயல்பையும் இழந்துவிடுகின்றன. அவற்றைப் பெருக்கவும் முடியாது, ஏனெனில் வளர்ந்தவரின் இதயத்தசைக் கலங்கள் மிக அரிதாகவே புதுப்பிக்கப்படுகின்றன. எவ்வளவு அரிதாக என்பதைச் சுவீடனில் கரோலின்ஸ்கா நிறுவகத்தைச் சேர்ந்த குழுவொன்று 2009இல் அளந்து காட்டியது. பனிப்போர்க் காலத்து அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கூடிப் பின்னர் குறைந்த காபன்-14, மனிதரின் டிஎன்ஏயிலும் படிந்திருந்தது. அதைக் கொண்டு கலங்களின் வயதைக் கணித்தபோது, 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதமும் 75 வயதில் 0.45 சதவீதமும் மட்டுமே புதுப்பிக்கப்படுவது தெரிந்தது. மாரடைப்பில் இறந்த தசை ஏன் மீண்டும் வளர்வதில்லை என்பதற்கான விளக்கமும் இதிலேயே இருக்கிறது.

எலியை வைத்து ஆராயலாமே என்றால், அதுவும் ஓரளவுக்குத்தான் உதவும். எலியின் இதயம் நிமிடத்துக்கு 500 தடவைக்கு மேல் துடிக்கிறது, நம்முடையது 70 தடவையளவில். தசையைச் சுருக்கும் புரதமான மயோசினில், வளர்ந்த எலியின் இதயவறையில் இருக்கும் முக்கிய வகை வேறு, மனிதரின் இதயவறையில் இருக்கும் வகை வேறு. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் கலத்தை மின்சார ரீதியாக ஓய்வுக்குத் திருப்பும் பொற்றாசியம் ஓட்டங்களும் இரண்டிலும் ஒன்றல்ல. ஆகவே மனித இதயத்தின் தாளம் பிசகும் நோயொன்றை எலியில் உண்டாக்க முயன்றால், அந்த நோய் அங்கே அதே முகத்தோடு வருவதில்லை.

இந்த முட்டுக்கட்டையை உடைத்தவை இரண்டு படிகள். 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சனின் குழு, மனித முளையத்திலிருந்து எந்த உடற்கலமாகவும் மாறக்கூடிய குருத்துக் கலங்களைப் பிரித்து வளர்த்தது. முளையத்தை அழித்தே அவற்றைப் பெற வேண்டியிருந்ததால் அறநெறி சார்ந்த விவாதமும் உடனேயே தொடங்கியது. 2006இல் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாக்காவும் கசுத்தோஷி தக்காஹாஷியும் முளையமே வேண்டாத வழியொன்றைக் கண்டார்கள். எலியின் சாதாரண தோற் கலங்களுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தியபோது, அக்கலங்கள் முளைய நிலைக்குத் திரும்பின. 2007இல் மனிதக் கலங்களிலும் இது செய்யப்பட்டது. வளர்ந்த கலத்தின் கருவுக்குள் முழு உடலையும் உண்டாக்கும் அறிவுறுத்தல்கள் அழியாமல் இருக்கின்றன என்பதைத் தவளைகளில் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே காட்டியிருந்த ஜோன் கேர்டனுடன் யமனாக்காவுக்கு 2012இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு வியத்தமடைதல், அதாவது கலமொன்று தோல், தசை என்று தனி வகையாக மாறுவது, நினைவிருக்கும். வகுப்பில் அது ஒருவழிப் பாதை போலவே சொல்லித் தரப்படுகிறது. அது அப்படி அல்ல என்று இந்த இருவரும் காட்டினார்கள்.

இனி, உங்கள் தம்பியின் குருதியே ஓர் ஆய்வுகூடத்துக்குப் போனதாக வைத்துக்கொள்வோம். செங்குழியங்களுக்குக் கரு இல்லாததால் அவை பயன்படா; வெண்குழியங்களையும் அவற்றோடு சேர்ந்து வரும் சில முன்னோடிக் கலங்களையும் பிரித்தெடுப்பார்கள். அந்த நான்கு மரபணுக்களையும் உள்ளே கொண்டுசெல்ல இப்போது பெரும்பாலும் சென்டாய் என்ற வைரசைப் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் அது கலத்தின் டிஎன்ஏக்குள் தன்னைச் செருகிக்கொள்ளாது, காலப்போக்கில் கழிந்துவிடும். மூன்று நான்கு வாரங்களில், கிண்ணத்தின் அடியில் ஓரம் தெளிவாகத் தெரியும் தட்டையான சிறு திட்டுகள் தோன்றும். அவற்றைத் தனித்தனியே எடுத்து வளர்த்து, நிறமூர்த்தங்கள் சரியாக இருக்கின்றனவா, வைரஸ் முற்றாக நீங்கிவிட்டதா, இவை உண்மையிலேயே குருத்துக் கலங்கள்தானா என்றெல்லாம் சோதிக்க வேண்டும். சோதனையில் தேறியவற்றின் ஒரு பங்கைத் திரவ நைதரசனில் உறைய வைப்பார்கள். குருதி எடுத்த நாளிலிருந்து இந்தக் கட்டத்துக்கு வரவே மாதங்கள் செல்லும். இதயக் கலம் என்று சொல்ல இன்னும் எதுவுமே உருவாகியிருக்காது.

குருத்துக் கலத்தை இதயத்தசையாக மாற்றுவது, கருப்பைக்குள் முளையம் இதயத்தை உண்டாக்கும்போது கேட்கும் கட்டளைகளை அதே வரிசையில் கிண்ணத்துக்குள் சொல்வதாகும். அக்கட்டளைகளில் தலையாயது வின்ட் எனப்படும் சமிக்ஞைப் பாதை. முதலில் அதைத் தூண்ட வேண்டும். அப்போது கலங்கள், முளையத்தில் தசையும் இதயமும் உருவாகும் நடுப்படையான இடைத்தோற்படையின் கலங்களாகின்றன. ஓரிரு நாட்கள் கழித்து அதே பாதையை அடக்க வேண்டும். அப்போது அவை இதயத்தை நோக்கித் திரும்புகின்றன. தூண்டல் நீடித்தாலும் பிழை, அடக்கல் முந்தினாலும் பிழை. இந்த இரு கட்டளைகளையும் விலை கூடிய வளர்ச்சிப் புரதங்கள் இல்லாமல், இரண்டு சிறு இரசாயனச் சேர்வைகளைக் கொண்டே கொடுக்கலாம் என்று விஸ்கான்சினில் ஷான் பலெசெக்கின் குழு 2012இல் காட்டியது. அதன் பின்னர்தான் இந்த வேலை ஒருசில ஆய்வுகூடங்களின் கைத்திறன் என்ற நிலையிலிருந்து விடுபட்டு உலகெங்கும் பரவியது.

நாளாந்த வேலை பார்ப்பதற்கு எளிமையானதுதான். 37 பாகை செல்சியஸில், 5 சதவீதக் காபனீரொட்சைட்டு நிரப்பிய அடைகாப்புப் பெட்டிக்குள் கிண்ணங்கள் இருக்கும். குறித்த நாளில் குறித்த திரவத்தை மாற்ற வேண்டும், அது ஞாயிற்றுக்கிழமையா திருவிழா நாளா என்று கலங்கள் பார்ப்பதில்லை. வளர்ப்புத் திரவத்தில் கலந்திருக்கும் சாயம் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளாக மாறினால், கலங்கள் தின்று அமிலத்தைக் கழித்துவிட்டன, உணவு மாற்ற வேண்டும் என்று அர்த்தம். எட்டாம் நாள் முதல் பன்னிரண்டாம் நாள் வரைக்குள், நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது, கிண்ணத்தின் ஒரு மூலையில் ஒரு திட்டு மட்டும் இழுபடுவது தெரியும். முதலில் அது விட்டுவிட்டு இழுபடும். பிறகு வேறொரு மூலையில் இன்னொரு திட்டு, தன் சொந்தத் தாளத்தில். இரண்டு திட்டுகளும் வளர்ந்து ஒன்றையொன்று தொட்டதும் வேகமாகத் துடிப்பது மற்றதைத் தன் தாளத்துக்கு இழுத்துக்கொள்ள, சில நாட்களில் முழுத் தகடும் ஒன்றாக அசையும். கிண்ணத்தை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் மேசையில் வைத்திருந்தால் குளிர்ந்து துடிப்பு மந்தமாகும். பெட்டிக்குள் திரும்ப வைத்தால் பழைய வேகத்துக்கு வரும். நரம்பும் இல்லை, மூளையும் இல்லை, உடலும் இல்லை. இதயத்துடிப்பு இதயத்தசைக்கே உரிய குணம் என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பது இவ்வளவு கண்கூடாக வேறெங்கும் தெரிவதில்லை.

கிண்ணத்தில் இருப்பவை எல்லாமே இதயத்தசைக் கலங்கள் அல்ல. இழையநார்க் கலங்களும் வேறு வகைகளும் கலந்திருக்கும். அவற்றைக் களைவதற்கு ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்தார் 2013இல் நல்ல உத்தியொன்றைக் கண்டார்கள். குளுக்கோசை நிறுத்திவிட்டு இலற்றேற்றை மட்டும் கொடுத்தால் இதயத்தசைக் கலங்கள் அதை எரித்துப் பிழைத்துக்கொள்கின்றன, மற்றவை பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. எஞ்சியவற்றில் அளவீடுகள் தொடங்கும். கல்சியம் கூடும்போது ஒளிரும் சாயத்தைச் செலுத்தி ஒவ்வொரு துடிப்பிலும் கல்சியம் ஏறி இறங்குவதைப் படமெடுக்கலாம். நுண்மின்வாய்களால் மின்னழுத்த மாற்றத்தைப் பதியலாம். தசையைச் சுருங்க வைக்கும் நுண் அலகுகளான தசைப்பாத்துகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று சாயமிட்டுப் பார்க்கலாம். சுருங்கும் விசையையும் அளக்கலாம்.

இந்த முறையின் உயிர்நாடி அளவீட்டில் இல்லை, எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது. தம்பியின் கலங்கள் ஒழுங்கற்றுத் துடிக்கின்றன என்று வைப்போம். அது நோயாலா, அந்த முறை வளர்ப்பு சரிவராததாலா, அல்லது நோயோடு தொடர்பில்லாத வேறொரு மரபணு வேறுபாட்டாலா? முன்பு குடும்பத்தில் நோயற்ற ஒருவரின் கலங்களை ஒப்பீட்டுக்கு வளர்த்தார்கள். ஆனால் உடன்பிறந்தவர்களுக்கிடையிலேயே இலட்சக்கணக்கான டிஎன்ஏ வேறுபாடுகள் இருக்கும். கிரிஸ்பர் எனப்படும் மரபணுத் திருத்தக் கருவி வந்த பின்னர் இதற்கு வழி பிறந்தது. தம்பியின் குருத்துக் கலங்களில் சந்தேகத்துக்குரிய அந்த ஒரு விகாரத்தை (டிஎன்ஏ மாற்றத்தை) மட்டும் திருத்திவிட்டு, திருத்திய கலத்தையும் திருத்தாத கலத்தையும் அருகருகே இதயத்தசையாக வளர்க்கலாம். மற்றெல்லாம் ஒன்று, வேறுபாடு டிஎன்ஏயின் ஓர் எழுத்தில் மட்டும். திருத்தியதில் கோளாறு மறைய வேண்டும். நலமானவரின் கலத்தில் அதே விகாரத்தைப் புகுத்தினால் கோளாறு தோன்ற வேண்டும். இரண்டும் நடந்தால் அந்த விகாரமே குற்றவாளி என்று துணிந்து சொல்லலாம். இந்த ஒப்பீடு இல்லாமல் ஒரே ஒருவரின் கலங்களை மட்டும் வைத்துச் சொல்லப்படும் எந்த முடிவையும், அது எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தாலும், நான் சற்றுத் தள்ளி வைத்துத்தான் வாசிப்பேன்.

இப்படி அறியப்பட்டவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன். இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் மின்சார ரீதியாக ஓய்வுக்குத் திரும்பப் பிந்துவதால் திடீர் மயக்கமும் மரணமும் வரும் பரம்பரை நோயொன்று உண்டு. ஈசிஜியில் கியூடி இடைவெளி நீண்டிருப்பதால் நீண்ட கியூடி நோய் என்பார்கள். ஜெர்மனியில் ஒரு குழு 2010இல் அந்நோயுள்ள குடும்பத்தவரின் கலங்களை வளர்த்தபோது, கிண்ணத்திலும் அதே பிந்தல் தெரிந்தது. அதிரினலின் போன்ற தூண்டலைக் கொடுக்கும்போது தாளம் பிசகியது, பீற்றா தடுப்பி மருந்து அதைத் தணித்தது. நோயாளியின் உடலில் நடப்பதும் அதுதான். உங்கள் தம்பியின் நோய்க்கு இன்னும் நெருக்கமானது ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோசப் வூவின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு. இரண்டு தலைமுறையைச் சேர்ந்த பத்துப் பேர் கொண்ட குடும்பத்தில் பாதிப்பேரிடம் மயோசின் மரபணுவில் ஒரு விகாரம் இருந்தது. அவர்களுடைய கலங்கள் நாட்கள் செல்லச் செல்லப் பெருத்தன, கல்சியம் ஒழுங்கற்று ஏறி இறங்கியது, தனிக் கலத்திலேயே தாளம் தவறியது. முதலில் குழம்பியது கல்சியந்தான், பெருத்தல் அதற்குப் பின்னரே வந்தது. கல்சியம் உள்ளே நுழைவதைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தபோது பெருத்தலையும் தடுக்க முடிந்தது. சுவர் தடித்த பின்னரே நோயாளியைப் பார்க்க நேரும் வைத்தியருக்கு இந்த முன்பின் வரிசை எக்கோவில் தெரிய வாய்ப்பில்லை.

மருந்துகளின் பாதகத்தை அறியவும் இவை பயன்படுகின்றன. தெல்லிப்பழைக்கும் மஹரகமவுக்கும் வன்னியிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்வருபவர்களில் பலருக்கு டொக்சோரூபிசின் என்ற சிவப்பு நிற மருந்து ஏற்றப்படுவதுண்டு. அது சிலருடைய இதயத்தைப் பலவீனப்படுத்தும், சிலரை ஒன்றும் செய்யாது. 2016இல் வெளியான ஆய்வொன்றில், இதயம் பாதிக்கப்பட்ட மார்பகப் புற்றுநோயாளர்களின் கலங்கள் கிண்ணத்திலும் அம்மருந்துக்குக் கூடுதலாக நலிந்தன. பாதிக்கப்படாதவர்களின் கலங்கள் தாக்குப்பிடித்தன.

நம்மவர்களுக்கு இதில் தனியான அக்கறை இருக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. மயோசினைப் பிடித்துக் கட்டுப்படுத்தும் புரதங்களில் ஒன்று மயோசின் பிணைப்புப் புரதம் சி. பரம்பரை இதயத்தடிப்பு நோய் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருப்பதாகப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. அதற்கு அடிக்கடி காரணமாகும் மரபணுக்களில் இந்தப் புரதத்துக்கான மரபணுவும் ஒன்று. இதில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் தென்னாசிய மக்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் இருப்பதாகவும், இதயச் செயலிழப்பு அபாயத்தை அது உயர்த்துவதாகவும் 2009இல் இந்திய ஆய்வாளர்களை முதன்மையாகக் கொண்ட குழு அறிவித்தது. நூறு பேருக்கு நான்கு பேர் என்றால் அது எந்த ஊரிலும் இருக்கும், கரைச்சியிலும் மாந்தையிலும் இருக்கும். ஆனால் அதை உடையவர்களில் பலர் நடுத்தர வயது கடந்தும் ஒரு குறையுமில்லாமல் வாழ்கிறார்கள். ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரை அது ஏன் வீழ்த்துகிறது? 2018இல் அமெரிக்காவில் வாழும் தென்னாசியர்களிடையே நடந்த ஆய்வொன்று, அந்த நீக்கம் உடையவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் இரண்டாவது விகாரமொன்றும் சேர்ந்து வருவதைக் கண்டது. அந்த விகாரமுள்ள குருத்துக் கலங்களிலிருந்து இதயத்தசையை வளர்த்தபோது கலங்கள் பெருத்தும் கல்சியம் ஒழுங்கு கெட்டும் இருந்தன. மரபணுப் பரிசோதனை அறிக்கையில் இரண்டு எழுத்து மாற்றங்கள் இருந்தால் எது தீங்கானது, எது சும்மா கூட வருவது என்று அறிக்கை சொல்லாது. கிண்ணத்தில் வளரும் கலம் சொல்லக்கூடும். என் பார்வையில் இந்த முறையின் மிகப் பெரிய பயன் இதுதான். தென்னாசியர்களின் மரபணு மாறுபாடுகள் ஆய்வுகளில் குறைவாகவே இடம்பெற்றிருப்பதால், நம்முடைய அறிக்கைகளில் பொருள் தெரியாத மாற்றம் என்ற வரி வேண்டியதிலும் அதிகமாக வருகிறது.

இனி இக்கலங்களின் பெருங் குறைக்கு வருகிறேன். இவை குழந்தைத்தனமான கலங்கள், சரியாகச் சொன்னால் கருப்பையிலிருக்கும் சிசுவின் இதயக் கலங்களுக்கு நிகரானவை. வளர்ந்தவரின் இதயத்தசைக் கலம் நீண்ட செங்கல் போன்ற வடிவில், தசைப்பாத்துகள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டு, கல்சியம் கலத்தின் ஆழம் வரை ஒரே கணத்தில் விடுபடுவதற்கான குறுக்குக் குழாய்களோடு இருக்கும். அதன் எரிபொருள் பெரும்பாலும் கொழுப்பமிலம். தூண்டப்படும் வரை அது அமைதியாக இருக்கும். கிண்ணத்துக் கலம் ஒழுங்கற்ற வடிவில், குறுக்குக் குழாய்கள் இன்றி, குளுக்கோசை எரித்துக்கொண்டு, யாரும் தூண்டாமலே தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் தானான துடிப்பு பார்ப்பவரை மயக்குவது. உண்மையில் அது முதிராமையின் அடையாளம். காலபோகத்தில் விதைத்து இருபது நாளான நெற்பயிரைப் பார்த்தால் விதையோடு வந்த கோளாறு தெரிந்துவிடும், ஆனால் கதிர் முற்றுமா பதராகுமா என்று அப்போது சொல்ல முடியாது. நாற்பது வயதில் தலைகாட்டும் நோயை நாற்பது நாள் வயதான கலத்தில் தேடும்போது இந்த எல்லையை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதிர வைக்கும் முயற்சிகள் பல நடக்கின்றன. தைரொயிட் ஓமோனையும் கொழுப்பமிலத்தையும் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஜெர்மனியின் ஹம்பர்க்கில் தோமஸ் எஷன்ஹாகனின் குழு, கலங்களை ஒரு கூழ்ப்பொருளோடு கலந்து, வளையக்கூடிய இரு தூண்களுக்கிடையே மெல்லிய தசைப் பட்டியாக வளர்க்கிறது; பட்டி சுருங்கும்போது தூண்கள் எவ்வளவு வளைகின்றன என்பதைக் கொண்டு விசையைக் கணிக்கலாம். நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அத்தகைய பட்டியை மின்தூண்டலால் நாளுக்கு நாள் வேகம் கூட்டிப் பயிற்றுவித்தபோது, நான்கு வாரங்களில் குறுக்குக் குழாய்கள் உட்பட முதிர்ந்த தசையின் பல இயல்புகள் தோன்றியதாக 2018இல் அறிவித்தார்கள். வியன்னாவில் சிறு குழியுள்ள இதயவுருண்டைகளே வளர்க்கப்பட்டிருக்கின்றன. எனினும் முழு முதிர்ச்சியை எவரும் எட்டிவிடவில்லை.

இதற்கு அப்பாலும் ஓர் எல்லை இருக்கிறது. உங்கள் தம்பி மைதானத்தில் விழுந்ததற்குக் காரணம் ஒரு கலத்தில் மட்டும் இருந்திருக்காது. தடித்த சுவரில் தசைநார்கள் தாறுமாறாக ஓடுவதும், இடையிடையே தழும்புபோன்ற நார்த்திசு படிவதும், வெளியேறும் குருதியின் வழி குறுகுவதும், வெயிலில் நீர் வற்றியிருப்பதும் சேர்ந்துதான் அந்தக் கணத்தை உண்டாக்குகின்றன. கிண்ணத்தில் குருதியழுத்தமும் இல்லை, வெயிலும் இல்லை. ஆகவே, இந்த விகாரம் தசையை என்ன செய்கிறது என்ற ஒடுங்கிய கேள்விக்குக் கலம் நன்றாகப் பதில் சொல்லும். இந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு மறுபடி விழுவாரா என்ற கேள்விக்குச் சொல்லாது. அதை ஈசிஜி, எக்கோ, நாள் முழுவதும் உடலில் பொருத்தி வைக்கும் ஹோல்டர் பதிவு, குடும்ப வரலாறு ஆகியவற்றைக் கொண்டு இதய வைத்தியரே கணிக்க வேண்டும்.

சிகிச்சையைப் பற்றிக் குறுகச் சொல்கிறேன். ஆய்வுகூடத்தில் வளர்த்த இதயத்தசையை மாரடைப்பால் பழுதான இதயத்தில் வைக்கும் ஆரம்பநிலைப் பரிசோதனைகள் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் மனிதர்களிடம் நடந்து வருகின்றன. முன்னதாக அமெரிக்காவின் சியாட்டிலில் குரங்குகளில் செய்தபோது புதிய தசை ஒட்டிக்கொண்டது, ஆனால் தாளப் பிசகும் கூடவே வந்தது. அதற்குக் கலங்களின் தன்னிச்சையான துடிப்பே பெரிதும் காரணம். இவையெல்லாம் தசை குறைந்த இதயத்துக்கானவை. தசை தடித்த இதயத்தில் மேலும் தசை வைப்பதில் பொருளில்லை. தடித்த இதயத்துக்கென மயோசினின் மிகை இயக்கத்தையே அடக்கும் மாவகாம்டென் என்ற மாத்திரை 2022இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அது குருதி வெளியேறும் வழி அடைபட்ட வகைக்கு உரியது, இதயத்தை அளவுக்கு மீறித் தளர்த்திவிடக்கூடியது என்பதால் அடிக்கடி எக்கோ செய்து கண்காணித்தே கொடுக்கப்படுகிறது. இப்போது தம்பிக்குக் கிளினிக்கில் கொடுத்திருக்கும் மாத்திரைகளை இந்தச் செய்திகளை வாசித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

கனடாவில் உள்ள உறவினரிடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறொன்று. அங்கே உங்கள் வழிச் சொந்தத்தில் யாருக்காவது இதயத்தடிப்போ காரணம் தெரியாத இளவயது மரணமோ இருந்து, மரபணுப் பரிசோதனை செய்யப்பட்டிருந்தால், அந்த அறிக்கையில் மரபணுவின் பெயரும் விகாரத்தின் குறியீடும் இருக்கும் வரியை அவருடைய சம்மதத்தோடு படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்த பின்னர் ஒரு குடும்பத்தில் தேடுவது மிக எளிது, செலவும் குறைவு. குருதியைக் கடல் கடந்து அனுப்புவதிலும் பார்க்க அந்த ஒரு வரி உங்கள் தம்பிக்குக் கூடுதலாக உதவும்.

வன்னியில் குடும்ப வரலாறு எடுப்பது மற்ற இடங்களைப் போல இலகுவானதல்ல என்பது தெரியும். 2008, 2009 இடப்பெயர்வுகளில் கிளினிக் கொப்பிகளும் மரணச் சான்றிதழ்களும் போய்விட்டன. அக்காலத்தில் திடீரென இறந்த ஒருவரின் மரணத்துக்கு யாரும் இதயத்தில் காரணம் தேடியிருக்கவும் மாட்டார்கள். ஆகவே பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு மூன்று தலைமுறைக்கு வம்ச வரைபடமொன்றை எழுதுங்கள்: யார், எத்தனை வயதில், எதைச் செய்துகொண்டிருந்தபோது மயங்கினார் அல்லது இறந்தார். நீரில் மூழ்கியவர், வலிப்பு என்று சொல்லப்பட்டவர், உறக்கத்தில் இறந்தவர் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மச்சான் மச்சாள் திருமணங்களைக் குறியுங்கள், ஏனெனில் இருபக்கத்திலிருந்தும் ஒரே விகாரம் வந்து சேரும் பிள்ளையில் நோய் மிகக் கடுமையாக இருக்கலாம். இந்நோய் பெரும்பாலும் பழுதான மரபணுவின் ஒரு பிரதியாலேயே கடத்தப்படுவதால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. கேள்வி கேட்ட நீங்களும் அதற்குள் அடங்குகிறீர்கள். உங்களுக்கும் பெற்றோருக்கும் ஈசிஜியும் எக்கோவும் இப்போதே எடுக்கப்பட வேண்டும். இன்று சரியாக இருந்தாலும் வளர்ந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையும் திரும்பச் செய்ய வேண்டும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ எழுதிக் கொடுக்கும் கடிதத்தோடு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை இதயச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போது அந்த வரைபடத்தையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பின்னரும் வெளிநாட்டு ஆய்வு நிலையமொன்று தம்பியின் குருதியைக் கேட்குமானால் கொடுப்பதில் தவறில்லை. நம்மவர்களின் கலங்கள் ஆய்வில் இல்லாமலிருப்பதுதான் குறை என்று மேலே சொன்னேன். ஆனால் அது ஆராய்ச்சிக்கான கொடை, பரிசோதனைச் சேவை அல்ல. பணம் கேட்டால் அது ஆராய்ச்சி அல்ல என்று விலகிவிடுங்கள். சம்மதப் படிவம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். இலங்கையில் ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்பட்டிருக்கிறதா, கலங்கள் எவ்வளவு காலம் உறைநிலையில் வைக்கப்படும், மருந்துக் கம்பனிகளுக்கு விற்கப்படுமா, இடையில் விலகினால் அவற்றை அழிப்பார்களா, சிகிச்சைக்கு உதவும் ஏதாவது தெரியவந்தால் உங்கள் வைத்தியருக்கு அறிவிப்பார்களா என்பவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைத்த பின்னரே தம்பி கையெழுத்திடட்டும். அவருக்குப் பதினெட்டு வயது கடந்துவிட்டதால் அந்த முடிவு அவருடையதே.